மட்டக்களப்பு, அம்பாறை வரலாறு எழுத அரச ஆவணம்: எல்லாமே கொழும்பிலதானா?

மண்டூர் மாணவி | பெப்ரவரி 9, இரவு 8.40

இறுதியாண்டு ஆய்வு. தலைப்பு: சம்மாந்துறைப் பற்றில் நெல்வரியும் குளத்திருத்தமும், 1856 முதல் 1892 வரை. (பற்று எண்டா மாவட்டத்துக்குள்ள ஒரு பழைய நிருவாகப் பிரிவு.) மேற்பார்வையாளர் மூல ஆவணம் பார்த்துத்தான் எழுத வேணும் என்கிறார். வகுப்பில எல்லாரும் சொல்றது வேற: கிழக்கு ஆவணம் புயலில பாதி, யுத்தத்தில பாதி போயிட்டு, மிச்சம் கொழும்பில, இங்கயிருந்து ஒண்டும் செய்ய ஏலாது. உண்மையா?

வாவிக்கரை | பெப்ரவரி 9, இரவு 10.15

கால்வாசி உண்மை. அழிந்தது அழிந்ததுதான். ஆனால் ஒரு உத்தியோகக் கடிதத்துக்கு எப்போதும் இரண்டு முனை உண்டு. அனுப்பிய கந்தோரில் நகல் புத்தகம், போய்ச் சேர்ந்த கந்தோரில் கடிதம். மட்டக்களப்புக் கச்சேரியிலிருந்து (மாவட்ட நிருவாகக் கந்தோர்) குடியேற்ற நாட்டுச் செயலாளருக்குப் போனது இங்கே தொலைந்திருந்தாலும் கொழும்பில் கிடக்கலாம். தேசாதிபதி அதை லண்டனுக்கு இணைத்து அனுப்பியிருந்தால் பிரித்தானிய தேசிய ஆவணக்காப்பகத்தில் சி.ஓ. 54 என்ற தொடரில் இன்னொரு பிரதி இருக்கும். ஆகவே "சம்மாந்துறை நெல்வரி பற்றி என்ன இருக்கிறது?" என்று தேடாதே. "நெல்வரி விஷயத்தில் யார் யாருக்கு எழுதினார்கள்?" என்று கேள். ஆவணம் தலைப்பு வாரியாக அடுக்கப்படுவதில்லை, எழுதிய கந்தோர் வாரியாகத்தான் அடுக்கப்படும்.

அடுத்தது, அச்சில் வந்ததை முடிக்காமல் கையெழுத்துப் பக்கம் போக வேண்டாம். ஆண்டு நிருவாக அறிக்கைகள் 1867இலிருந்து உண்டு. மாகாண, மாவட்ட அதிகாரிகளின் அறிக்கை அதற்குள் வரும்: வருமானம், விளைச்சல், குளவேலை, மாட்டு நோய், குற்றம், பள்ளிக்கூடம். உன் காலம் 1856இல் தொடங்குகிறது, ஆகவே முதல் பதினொரு ஆண்டுக்கு இந்த அறிக்கை கிடையாது. அந்த இடைவெளிக்கு நீலப் புத்தகம் எனப்படும் ஆண்டுப் புள்ளிவிபரத் தொகுப்பு, அரச வர்த்தமானி (1802 மார்ச் 15இல் முதல் இதழ்), சட்டநிரூபண சபைக்கு வைத்த செசனல் பேப்பர்கள். தேசாதிபதி ஹென்றி வார்டின் உரைகளும் குறிப்புகளும் 1864இல் அச்சாகின. இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்திய காலம் அவருடையது. 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டமும் அவர் கொண்டுவந்ததுதான். உன் தலைப்பின் முதல் அத்தியாயத்துக்கு இவ்வளவும் போதும்.

ஏடுதின்னி | பெப்ரவரி 10, காலை 6.05

புயல், யுத்தம், சுனாமி எல்லாம் சரி. கறையானை மட்டும் ஒருத்தரும் குற்றம் சொல்றதில்லை. அது எந்தக் கட்சியிலயும் இல்லாததாலயாக்கும்.

கல்முனைக் காக்கா | பெப்ரவரி 10, பகல் 1.30

தங்கச்சி, எல்லைக் கோட்டை முதலில சரி பாருங்க. அம்பாறை மாவட்டம் பிறந்தது 1961 ஏப்ரலில. அதுக்கு முன் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். அட்டவணையில "அம்பாறை" எண்டு தேடி ஒண்டுமில்லையெண்டு திரும்பி வந்த பிள்ளைகள் இருக்காங்க. 19ஆம் நூற்றாண்டுக் கடதாசியில அம்பாறை எண்டா ஒரு குளம், அவ்வளவுதான்.

குடிசன மதிப்பீட்டிலயும் இதே வில்லங்கம். 1953 மதிப்பீட்டு மட்டக்களப்பையும் 1963 மதிப்பீட்டு மட்டக்களப்பையும் பக்கத்தில வெச்சா சனம் செத்துக் குறைஞ்ச மாதிரித் தெரியும். ஒருத்தரும் சாகல்ல, தெற்குப் பாதியை வெட்டித் தனி மாவட்டமாக்கினதுதான். ஒப்பிடுறதெண்டா 1963இல இரண்டு மாவட்டத்தையும் கூட்டித்தான் ஒப்பிடணும். அப்பவும் எல்லை அச்சொட்டாப் பொருந்துதா எண்டு வரைபடத்தில பாருங்க.

மாகாணக் கணக்கு எடுத்தா இன்னொரு பொறி. 1833இல கிழக்கு மாகாணம் வந்த நேரம் தமன்கடுவையும் அதுக்குள்ள. 1873இல வடமத்திய மாகாணம் ஆக்கினப்போ அது அங்கால போயிட்டு. 1873க்கு முந்திய "கிழக்கு மாகாண நெல்" எண்ட தொகையில இன்றைய பொலன்னறுவைப் பக்கத்து நெல்லும் கிடக்கு. பற்று வாரியான எண்ணிக்கை கிடைச்சா அதை எடுங்க. சம்மாந்துறைப் பற்று, கரவாகுப் பற்று, நிந்தவூர்ப் பற்று எண்டு பிரிச்சுத் தந்த அட்டவணை ஒண்டு, மாகாணத் தொகை பத்துக்குச் சமன்.

1871 மார்ச் 27க்கு முன் முழுத்தீவு நவீன குடிசன மதிப்பீடு இல்லை. அதுக்கு முந்திய சனத்தொகை எல்லாம் விதானைமார் (ஊர்த் தலைமைக்காரர்) குடுத்த கணக்கில கட்டினது எண்டு நினைச்சு எழுதுங்க. 1931 மதிப்பீடு முழுமையில்லை, 1941இல நடக்கவேயில்லை, அடுத்தது 1946.

மண்டூர் மாணவி | பெப்ரவரி 10, இரவு 7.20

இதெல்லாம் பார்த்து முடிச்சு மறுகா கொழும்புக்குப் போறதெண்டா என்ன ஆயத்தம் செய்ய வேணும்? ரெண்டு மூண்டு நாளுக்கு மேல நிக்க வசதியில்ல.

வாவிக்கரை | பெப்ரவரி 10, இரவு 11.00

தேசிய சுவடிக்கூடம் கொழும்பு 7இல், பிலிப் குணவர்த்தன மாவத்தையில். பழைய பெயர் ரீட் அவெனியூ. போயா நாளிலும் அரச விடுமுறையிலும் பூட்டு. இங்கிருந்து போகிறவர்கள் முதலில் நாட்காட்டியைத்தான் பார்க்க வேண்டும். வாசிப்பறை நேரம், வாசகர் அட்டைக் கட்டணம், படம் எடுக்க அனுமதி மூன்றையும் தொலைபேசியில் கேட்டு வை, இவை மாறிக்கொண்டிருப்பவை. துறைத் தலைவரின் கடிதம் கடிதத்தாளில், முத்திரையோடு. அதில் உன் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஆய்வுத் தலைப்பு, ஆண்டு எல்லை இருக்க வேண்டும். "ஆய்வுக்காக அனுமதிக்கவும்" என்று மொட்டையாக ஒரு வரி எழுதிக்கொண்டு போனால், என்ன வேண்டும் என்று அங்கே வாயால் விளக்கியே காலைப்பொழுது போய்விடும்.

ஆவணங்கள் அங்கே லொட் எண்ணால் பிரிக்கப்பட்டவை. ஒவ்வொரு கந்தோரின் திரட்டுக்கும் ஒரு லொட், அதற்குள் தொடர் எண். ஒல்லாந்தர் மத்திய நிருவாகத்தின் 1640–1796 ஆவணங்கள் லொட் 1. கச்சேரிகளுக்குத் தனித்தனி லொட். வாசிப்பறை அட்டவணையைப் பார்த்து எண்களை எழுதி, கோரிக்கைச் சீட்டு நிரப்பிக் கொடுத்தால் உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். காத்திருக்கும் நேரம்தான் உன் எதிரி. முதல் நாள் காலை வந்ததும் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருக்காமல், முன்பே தெரிந்த எண்களுக்கு ஒன்றிரண்டு சீட்டைக் கொடுத்துவிட்டு, அவை வரும்வரை அட்டவணை பார். கேட்டது "உடைந்த நிலை, வழங்க முடியாது" என்று திரும்பலாம். அதற்கு மாற்றாக அடுத்த எண்ணைக் கையில் வைத்திரு.

பென்சில் மட்டும். பை வெளியே. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வெறுங்கையால் புரட்டு. கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, அதுதான் கிழிக்கும். விரலை நக்கிப் புரட்டும் பழக்கத்தைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வா. பூஞ்சணம் பிடித்த தொகுதி வந்தால் முகக்கவசம்.

படம் எடுக்க அனுமதி கிடைத்தால் ஒவ்வொரு தொகுதிக்கும் முதல் படம் கோரிக்கைச் சீட்டுத்தான். லொட் எண், தொடர் எண், திகதி அதில் தெரியும். பிறகு மேலட்டை, பிறகு பக்கங்கள், தாள் எண் வெட்டுப்படாமல். இதைச் செய்யாதவர்கள் வீட்டுக்கு வந்து ஐந்நூறு படத்தில் எது எந்தப் புத்தகம் என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அன்றிரவே கோப்புறைக்கு லொட் எண்ணால் பெயர் வை.

மட்டக்களப்பிலிருந்து ரயில் இருக்கிறது. கல்முனை, அம்பாறைப் பக்கத்தவர்களுக்கு இரவு பஸ்தான்.

ஏடுதின்னி | பெப்ரவரி 11, காலை 5.50

கையெழுத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லல்ல. கச்சேரி நகல் புத்தகத்துப் பக்கம் ஒன்று இப்படித்தான் இருக்கும்: இடது ஓரத்தில் கடித எண், அதற்குக் கீழ் ஊரும் திகதியும், பிறகு "ஐயா" என்று தொடங்கி ஒரே மூச்சில் ஓடும் வாக்கியம், அடியில் அதிகாரியின் பெயர்ச் சுருக்கம். ஓரத்தில் வேறு மையில் இரண்டு சொல் கிறுக்கியிருந்தால் கடிதத்தை விட்டுவிட்டு முதலில் அதை வாசி. தீர்மானம் அங்கேதான் இருக்கும்.

திகதியில் சறுக்குவது இங்கே: "12 இன்ஸ்ட்." என்றால் இந்த மாதம் 12. "12 அல்ட்." என்றால் போன மாதம் 12. கடிதம் ஜனவரி 3 என்றால் "28 அல்ட்." போன வருஷ டிசம்பர். ஆண்டே மாறிப்போகும். அட்டவணைகளில் "டிட்டோ" (மேலுள்ளதே) என்பதை இரண்டெழுத்தும் ஒரு புள்ளியுமாகச் சுருக்கி எழுதுவார்கள், அதை இலக்கமாக வாசித்து 20 ஏக்கர் என்று போட்ட ஆய்வேடும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்க எழுத்தில் சொல்லுக்கு நடுவில் வரும் நீண்ட "எஸ்", "எஃப்" போலத் தெரியும். இதெல்லாம் முதல் இருபது பக்கம்தான். ஒரே எழுத்தரின் கையைப் பிடித்துக்கொண்டால் பிறகு ஓடும். எழுத்தர் மாறினால் திரும்பவும் அரிச்சுவடி.

வாவிக்கரை | பெப்ரவரி 12, இரவு 9.25

இலக்கத்துக்கு வருவோம், நெல்வரித் தலைப்பு கவிழ்வது அங்கேதான்.

காசு: 1825இல், அதுவரை புழங்கிய றிக்ஸ் டொலர் ஒன்றை 1 சிலிங் 6 பென்ஸ் என்று நிர்ணயித்தார்கள். பிறகு பவுண், சிலிங், பென்ஸ். 1872 முதல் ரூபாயும் சதமும், ரூபாய் ஒன்று 2 சிலிங். அதன்படி 1 றிக்ஸ் டொலர் 75 சதம், 1 பவுண் 10 ரூபாய். உன் 1856–1892 கோட்டுப்படத்தில் 1872இல் வரி திடீரென்று பத்து மடங்கு ஏறினதாகத் தெரிந்தால், அது வரியில்லை, அலகு.

அளவு: அவணம், மரைக்கால், பறை, புசல் எல்லாம் கலந்து வரும். அவணம் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றுக் கணக்கைப் போட்டு ஏக்கராக்க வேண்டாம். நீலப் புத்தகத்தில் நிறுத்தல், முகத்தல் அளவைப் பகுதி உண்டு. அந்தந்த ஆண்டுக்குரியதை எடு. அதோடு, விதைப்பு அளவு என்று சொல்லும் அவணம் நிலத்தின் பரப்பு. விளைச்சல் அவணம் நெல்லின் அளவு. ஒரே சொல் ஒரே அட்டவணையில் இரண்டு வேலை செய்யும்.

ஆகவும் முக்கியமானது: வரி வருமானம் என்று ஏட்டில் இருப்பது விவசாயி கொடுத்தது அல்ல. வரியை ஏலத்தில் குத்தகைக்கு எடுத்தவன் அரசுக்குக் கட்டிய தொகை அது. குத்தகைக்காரன் வயலில் எவ்வளவு அள்ளினான் என்பது அந்த ஏட்டில் வராது. மழை பொய்த்த ஆண்டிலும் ஏலத்தொகை உயரலாம், ஏலம் அறுவடைக்கு முந்திய நம்பிக்கையில் நடப்பது. நிலுவை, பிணையாளிமேல் வழக்கு, சலுகை மனு இவற்றைத் தேடினால்தான் உண்மை நிலவரம் தெரியும். 1878ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தானிய வரிச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் வசூலித்த முறை என்ன என்று ஒவ்வொரு ஆண்டு அறிக்கையிலும் பார். முறை மாறின ஆண்டுகளில் தொகைகளை நேரே ஒப்பிட முடியாது.

கல்முனைக் காக்கா | பெப்ரவரி 13, பகல் 2.10

வாவிக்கரை சொன்ன ஏலத்தில ஒரு சேர்க்கை. குத்தகைக்கு விடுற அறிவித்தல் வர்த்தமானியில வரும். பெயர்ப் பட்டியல் கிடைச்சா எழுத்துக்கூட்டலை நம்பாதீங்க. மீராலெவ்வை, மீராலெப்பை, மீரா லெப்பே எல்லாம் ஒரே மனிசன். ஆங்கிலத்தில அகரவரிசையிட்டவன் ஒருக்கா "எம்"மில போடுவான், ஒருக்கா "எல்"லில போடுவான். போடியார் எண்ட பட்டத்தைப் பெயரோட ஒட்டி எழுதிடுவான், வன்னியனார் எண்ட பதவிப்பெயரை "வன்னியா" ஆக்கிடுவான். ஊர்ப்பெயரும் அப்படித்தான். ஒவ்வொரு ஊருக்கும் நாலு விதமா எழுதி ஒரு தாள் வெச்சுக்கொண்டு தேடுங்க. தலைமைக்காரர் பிரிவுகளைத் தெரிஞ்சுகொள்ள 1921இல வந்த எஸ். ஓ. கனகரத்தினத்தின்ட மட்டக்களப்பு மாவட்ட மொனோகிராஃப் நல்ல தொடக்கம்.

இங்கயே இருக்கிறது எண்டா காணிப் பதிவகம். தோம்பு (காணிப் பதிவேடு) தேடுறவங்க சட்டத்தரணிமார் மட்டும் எண்டு நினைக்காதீங்க. ஆனா அங்க தலைப்புச் சொல்லித் தேட ஏலாது, தொகுதி எண்ணும் பக்க எண்ணும் வேணும். அதுக்கு அந்த ஊர்ப் பழைய உறுதி (காணிப் பத்திரம்) ஒண்டு வேணும். உறுதியில பதிவு முத்திரைக்குள்ள எண் இருக்கும். அந்தப் பக்கத்தில காணிப் பெயர், நாலெல்லை, கைமாறின வரலாறு வரிசையா வரும். பக்கம் நிரம்பினா வேற தொகுதிக்குக் கொண்டுபோயிருப்பாங்க, எங்கயிருந்து வந்தது, எங்க போனது எண்டு எண் குறிச்சிருக்கும். அதைப் பிடிச்சுப் பின்னுக்குப் போகலாம். நாலெல்லையில "வடக்கு வாய்க்கால், கிழக்கு முடிக்குரிய காடு" எண்டு இருந்தா உங்கட குளத்து வாய்க்கால் எந்த வருஷம் எங்கால ஓடினது எண்டதுக்கு அது சாட்சி.

இது உறுதிப் பதிவுதான், உரிமைப் பதிவில்லை. பதியப்பட்டதால அவர்தான் உரிமைக்காரர் எண்டு எழுதிடாதீங்க. இண்டைக்கும் வழக்கிருக்கிற காணியெண்டா பெயரை விட்டிட்டுப் பற்றை மட்டும் போடுங்க.

மண்டூர் மாணவி | பெப்ரவரி 13, இரவு 8.00

ஒரு கந்தோரில "பழைய கோவை ஒண்டுமில்ல" எண்டு வாசல்லயே சொல்லிட்டாங்க. கேட்டது யார், என்ன கேட்டது எண்டு கூடப் பார்க்கல்ல.

வாவிக்கரை | பெப்ரவரி 13, இரவு 8.35

வாயால் கேட்டால் வாயால்தான் பதில். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் அப்பால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். "நெல்வரி பற்றிய தகவல் தருக" என்று எழுதினால் "இல்லை" என்று ஒரு வரி வரும். "1961க்கு முற்பட்ட பதிவேடுகள், நாட்குறிப்புகள், வரைபடங்கள் உங்கள் பொறுப்பில் எவை உள்ளன, அவற்றின் பட்டியல். தேசிய சுவடிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் ஒப்படைப்புப் பட்டியலும் திகதியும். அழித்திருந்தால் அதற்குப் பெற்ற அனுமதியின் பிரதி" என்று மூன்றாகப் பிரி. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிக்கூடச் சட்டப்படி அரச ஆவணத்தை நினைத்தபடி எரிக்க முடியாது. அந்த மூன்றாவது கேள்விக்காகவே அலுமாரியைத் திறந்து பார்ப்பார்கள்.

ஏடுதின்னி | பெப்ரவரி 14, காலை 6.15

தலைப்புக்கு வெளியே. பள்ளிக்கூட வரலாறு எழுதுகிறவர்கள் லொக் புத்தகத்தையும் (பள்ளி நாட்பதிவு) சேர்விடாப்பையும் மறந்துபோகிறார்கள். உதவி பெறும் பள்ளிக்கூடமாக இருந்தால் நன்கொடைத் தொகை, பரிசோதகர் வருகை எல்லாம் கல்விப் பணிப்பாளரின் ஆண்டு அறிக்கையில். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேடிக்கை தெரியும்: பரிசோதகர் வந்த நாளில் மட்டும் வரவு நிரம்பி வழியும்.

இன்னொன்று. 1885ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கையில் அச்சான நூல்களைப் பதிந்தார்கள், காலாண்டுப் பட்டியல் வர்த்தமானியில் வந்தது. நூல் தலைப்பு, அச்சகம், பக்கம், எத்தனை பிரதி, என்ன விலை. மட்டக்களப்பு அச்சகங்களை வைத்து ஒரு ஆய்வேடு எழுத இந்தப் பட்டியல் ஒன்றே காணும். யாராவது எழுதுங்கப்பா.

கல்முனைக் காக்கா | பெப்ரவரி 14, பகல் 12.50

கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம் பற்றி எழுதுறவங்களுக்கும் ஒரு சொல். கல்லோயா அபிவிருத்திச் சபை 1949ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது. அது தனிச் சபை, ஆனபடியா அந்தக் கோவைகளைக் கச்சேரிக்குள்ள தேடிப் பிரயோசனமில்லை. சபையின்ட ஆண்டறிக்கை வேற, கச்சேரி அறிக்கை வேற. ஒரே குடியேற்றத்துக்கு ரெண்டும் ரெண்டு எண்ணிக்கை சொல்லும், ஒண்டு காணி குடுத்த தொகை, மற்றது வந்து இருந்த தொகை. அங்க நடந்த 1956 ஜூன் வன்முறைக்குப் பிரதிநிதிகள் சபை ஹன்சார்டில (சபைப் பேச்சுப் பதிவு) தொடங்குங்க. உறுப்பினர் பேசினதும் அமைச்சர் பதிலும் ஒரே இடத்தில கிடைக்கும். செத்தவங்க எத்தனை எண்டு ஒரே தொகையை உறுதியா எழுதிடாதீங்க, ஆர் சொன்ன தொகை எண்டு பெயரோட எழுதுங்க.

வாவிக்கரை | பெப்ரவரி 15, இரவு 10.40

அச்சை முதலில் முடி என்று 9ஆம் திகதி எழுதியதற்கு ஒரு ஒட்டு. அச்சறிக்கை கொழும்பு வாசிக்க எழுதியது. சமாளிப்பு அதிகம். அதே அதிகாரியின் நாட்குறிப்பு வேறு குரலில் இருக்கும். 1808இல் தேசாதிபதி மெயிற்லண்ட் தொடக்கிவைத்து 1941வரை ஓடிய வழக்கம் அது. அறிக்கையில் "குளவேலை திருப்திகரம்" என்றிருக்கும், நாட்குறிப்பில் அணைக்கட்டு உடைந்த இடம், வேலைக்கு வராத கிராமம், வட்டை விதானையோடு (வயலும் தண்ணீரும் பார்க்கும் தலைமைக்காரர்) வாக்குவாதம். ஆகவே அச்சிலிருந்து ஆண்டையும் மாதத்தையும் பிடித்து, கொழும்பில் அந்த மாத நாட்குறிப்பை மட்டும் கேள். மாரி மாதங்களில் சுற்றுப்பயணக் குறிப்பு மெலிந்துபோகும். வெள்ளத்தில் ஆற்றைக் கடக்க முடியாத துரை மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவில் உட்கார்ந்து கோவைதான் பார்த்திருப்பார். அந்த மௌனத்தை "ஊரில் ஒன்றும் நடக்கவில்லை" என்று வாசிக்கக் கூடாது.

மனுக்களும் அப்படித்தான். விவசாயியின் குரல் என்று துள்ளிக் குதிக்குமுன், எழுதியவர் பெற்றிசம் எழுதும் தொழில்காரர் என்பதை நினை. வார்த்தை அவருடையது. குறிப்பிட்ட வயல், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட விதானையின் பெயர் மட்டும் மனுதாரருடையது. ஒல்லாந்தர் காலத்துக்குப் பின்னே போக நினைத்தால், மட்டக்களப்பில் அதிகாரியாக இருந்த ஜேக்கப் புர்னாண்ட் 1794இல் தன் இடத்துக்கு வந்தவருக்கு எழுதிய நிருவாகக் குறிப்பு ஆங்கிலத்திலும் உண்டு. வேளாண்மை பற்றி நிறைய இருக்கிறது, தன் புகழும் நிறைய.

மண்டூர் மாணவி | பெப்ரவரி 16, மாலை 5.30

கடைசியா ஒண்டு. அடிக்குறிப்பு எப்படிப் போடுறது? சில தொகுதியில தாள் எண்ணே இல்லையாம்.

ஏடுதின்னி | பெப்ரவரி 16, இரவு 9.00

ஆவணக்கூடம், லொட் எண், தொடர் எண், யாரிடமிருந்து யாருக்கு, கடித எண், திகதி, தாள் எண். இந்த வரிசையை ஆய்வேடு முழுக்க மாற்றாதே. தாள் எண் இல்லாவிட்டால் நீயே பக்கம் எண்ணிப் போடாதே, அடுத்தவர் எண்ணும்போது வேறாக வரும். "தாள் எண் இடப்படவில்லை" என்று எழுதிக் கடித எண்ணையும் திகதியையும் கொடு, தேடி எடுக்க அது போதும். தாளின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் ஒரே எண் என்பதால் "மு", "பி" என்று குறி. நகல் புத்தகத்தில் பார்த்ததா, போய்ச் சேர்ந்த மூலத்தைப் பார்த்ததா என்றும் ஒரு சொல் சேர். "நூலகம்" என்ற இணையத்தளத்தில் பார்த்திருந்தால் அதையே சொல், கொழும்பில் பார்த்ததுபோல் போட வேண்டாம். வாய்மொழித் தேர்வில் "அந்தத் தொகுதியின் அட்டை என்ன நிறம்?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.